ஜாக் ஜோடி இல்லாதவன் வாயைத் திறக்காதே

போக்கர் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒரு ஆட்டம் போய் இன்னொன்று வந்ததை ஏதோ கலை வளர்ச்சி மாதிரி எழுதுவார்கள். நம்பாதீர்கள். ஆட்டக்காரனின் ரசனையை யாரும் கேட்டதில்லை. சட்டம் மாற்றியது, கிளப் முதலாளி மாற்றினார், கடைசியில் டிவி மாற்றியது. ஆட்டக்காரன் பர்ஸைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தான், அவ்வளவுதான்.

கலிபோர்னியாவைப் பாருங்கள். 1885ல் அந்த மாநிலத்துப் பெரியவர்கள், தடை செய்த சூதாட்டங்களின் பட்டியலில் 'ஸ்டட் ஹார்ஸ் போக்கர்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அது என்ன ஆட்டம் என்று விளக்கம் சொல்ல மறந்துவிட்டார்கள். 1911ல் மாநில அட்டர்னி ஜெனரல் தெளிவுபடுத்தினார்: ஐந்து சீட்டையும் மறைத்துப் பிடித்து, வேண்டாததைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும் 'டிரா' திறமை, ஆகவே ஆடலாம். சில சீட்டுகளை எல்லோரும் பார்க்கத் திறந்து போடும் 'ஸ்டட்' குற்றம். எதிராளியின் சீட்டு கண்ணில் பட்டால் குற்றம், படாவிட்டால் திறமை! நாமும் ரொம்பச் சிரிக்க முடியாது. நம் உச்ச நீதிமன்றமும் 1968ல் ரம்மியைத் திறமை என்றும் மூணு சீட்டை அதிர்ஷ்டம் என்றும் பிரித்து வைத்திருக்கிறது.

கலிபோர்னியாவின் அந்தச் சட்டச் சந்தில் புகுந்துதான் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கார்டினா என்ற சிற்றூர் பிழைத்தது. 1936ல் எர்னஸ்ட் பிரிம் அங்கே ஒரு சீட்டு கிளப்பைத் திறந்தார். நாளடைவில் ஆறு கிளப்புகள், கிளப்புக்கு 35 மேஜை. தேவாலயக்காரர்கள் மூடச் சொல்லி வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் கிளப் கட்டும் வரியை நினைத்துக்கொண்டு வாக்களித்தார்கள், கிளப்புகள் பிழைத்தன.

அந்த மேஜைகள் தனி உலகம். சீட்டுப் போட கிளப் ஆள் வைக்காது. ஆடுகிறவர்களே முறை வைத்துக் கலைத்துப் போட வேண்டும். முதலாளி, பந்தயப் பணம் சேரும் பானையில் கை வைக்க மாட்டார். அரை மணிக்கு ஒருமுறை ஊழியர் வந்து உட்கார்ந்த இடத்துக்கு வாடகை வாங்கிக்கொண்டு போவார். வருகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், இரண்டாம் ஷிஃப்ட் முடித்தவர்கள் அதிகம். கட்டில் 53 சீட்டு; ஜோக்கர் உண்டு. ஜாக் ஜோடியோ அதற்கு மேலோ இல்லாதவன் பந்தயத்தைத் தொடங்கக் கூடாது. ஆகவே பாட்டிமார் ஜோடி வரும்வரை ஸ்கூட் விட்டுக்கொண்டே இருப்பார்கள். வந்த நாளில் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

இதற்கிடையில் டெக்சாஸில் 'ஹோல்டெம்' வளர்ந்துகொண்டிருந்தது. ராப்ஸ்டவுன் என்ற ஊர் தன்னைப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்கிறது. மாநிலச் சட்டமன்றமும் தலையாட்டிவிட்டது. 1963ல் கார்கி மெக்கார்கடேல் அதை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோனார். 1970ல் அங்கே பின்னியன் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் போக்கர் உலகத் தொடர் தொடங்கியபோது ஹோல்டெம் ஐந்து ஆட்டங்களில் ஒன்று மட்டுமே. அடுத்த வருடமே நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

ஏன்? கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஏழு சீட்டு ஸ்டட்டில் எட்டுப் பேர் கடைசிவரை நின்றால் 56 சீட்டு வேண்டும். கட்டில் இருப்பதோ 52. கைக்கு ஒன்று போதாமல், கடைசிச் சீட்டை மேஜை நடுவில் போட்டு 'எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்' என்று விதி செய்தார்கள். ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு, நடுவில் ஐந்து. பத்துப் பேரை உட்கார வைத்தாலும் பாதிக் கட்டு மிச்சம். பத்து நாற்காலி என்றால் முதலாளிக்கு இனிக்கத்தானே செய்யும்? அதோடு, ஸ்டட்டில் யார் எந்தச் சீட்டோடு ஸ்கூட் விட்டார் என்று மனதில் ஏற்றி வைக்க வேண்டும். ஹோல்டெமில் அந்த வேலை இல்லை; புதியவனும் ஒரு ராத்திரி ஜெயித்துவிடுவான். அந்த ராத்திரிக்காகத் திரும்பத் திரும்ப வருவான்.

கலிபோர்னியாவில் 1987ல் வழக்கு. நூறாண்டுப் பழைய 'ஸ்டட் ஹார்ஸ்' வேறு, ஹோல்டெம் வேறு என்று முடிவாயிற்று, கதவு திறந்தது. கார்டினாவின் டிரா மேஜைகள் கரைந்தன. நாற்பது வருடம் ஜாக் ஜோடிக்குத் தவம் கிடந்தவர்கள், அடுத்தவன் இரண்டு குப்பைச் சீட்டோடு உள்ளே வந்து நடுச் சீட்டின் தயவில் பானையை அள்ளிப் போவதைப் பார்த்தார்கள். பக்கத்து ஊர்களில் ஏற்கெனவே பெரிய கிளப்புகள் முளைத்திருந்தன. கூட்டமும் வெளிச்சமும் அங்கே போயின.

கிழக்கே அட்லாண்டிக் சிட்டியில் ஸ்டட் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அப்புறம் 2003. கிறிஸ் மனிமேக்கர் என்ற டென்னசிக் கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டிக் கிடைத்த இடத்தை வைத்து உலகத் தொடரில் 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் தட்டிக்கொண்டு போனார். பெயரே 'பணம் பண்ணுகிறவன்'. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இப்படி எழுதக் கூசுவார். மறைந்திருக்கும் இரண்டு சீட்டையும் டிவி கேமரா காட்டியது. அடுத்த வருடம் 2,576 பேர் வந்து நின்றார்கள். ஸ்டட் மேஜைகளைச் சுருக்கி ஓரத்தில் போட்டார்கள்.

சரி, ஹோல்டெமாவது நிலைத்ததா என்றால், எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஏமாளிகள் குறைந்தால் வேறு மேஜை தேட வேண்டாமா? 1980களிலேயே லாஸ் வேகாஸின் கோல்டன் நக்கெட் விடுதியில் எட்டிப் பார்த்த 'ஒமாஹா' ஆட்டத்தைத் தூசு தட்டினார்கள். கைக்கு நாலு சீட்டு. அதில் சரியாக இரண்டுதான் கணக்கில் வரும். ஹோல்டெமிலிருந்து புதிதாக வந்தவர் நாலு ஏஸையும் ஒரே கையில் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்காருவார். அவரிடம் இருப்பது ஒரு ஏஸ் ஜோடி. ஐந்தாவது ஏஸ் கட்டில் கிடையாது.