பதினைந்தாம் எண் உபாசகர்

கணினி என்னும் வஸ்து கணக்குப் பிரிவுகளில் புதிதாகக் குடியேறி, குமாஸ்தாக்கள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு அதன் குளிர்ந்த அறைக்குள் பயபக்தியுடன் பிரவேசித்துக்கொண்டிருந்த நாட்களில், அநேகமாக ஒவ்வோர் ஆபீஸிலும் ஒருவர் அவதரித்திருந்தார். பட்டமும் பதவியும் இல்லாதவரேயாயினும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அந்தரங்கம் அறிந்தவர் அவர் ஒருவரே என்பதை மானேஜர் முதல் பியூன் வரை ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆபீஸில் வாய்த்தவருக்குக் காதிலே பென்சில். சட்டைப் பையிலே ஸ்கேல். விரல் நுனிகளில் எந்தச் சோப்புக்கும் மசியாத ரிப்பன் மை. சம்பளப் பட்டியலோ 132 எழுத்து அகலம். பிரிண்டரோ அங்குலத்துக்குப் பத்து வீதம் எட்டு அங்குலத்தில் எண்பது எழுத்துக்குமேல் ஒன்றுக்கும் இடங்கொடாத கறார்ப் பேர்வழி. ஆகவே ஒருவருடைய நிகரச் சம்பளம் வரியைவிட்டுக் கீழே வழிந்து, அடுத்தவர் பெயரின் தலைமேல் போய் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஆசைகளையும் பொறாமைகளையும் உண்டாக்கிற்று. அவர் வந்தார். நாடி பார்க்கும் வைத்தியரைப்போலத் தாளைத் தடவிப் பார்த்து, "15 அனுப்பினீங்களா சார்?" என்று கேட்டார். அந்த எண்ணை அவர் அனுப்பியதும் எழுத்துகள் அங்குலத்துக்குப் பதினேழாக ஒடுங்கி, 132-உம் ஒரே வரியில் அடங்கி நின்றன. அத்தோடு திருப்தியடையாமல் 27-ஐயும் 48-ஐயும் அடுத்தடுத்து ஏவினார். அங்குலத்துக்கு ஆறாயிருந்த வரிகள் எட்டாகி, 66 வரிப் பக்கம் 88 வரிப் பக்கமாயிற்று.

ஏவிய பேயைத் திருப்பியழைக்க வேண்டாமா? ஒடுக்கியதை விரிக்க 18 என்று ஓர் எண் உண்டு. (பிரிண்டரின் ஸ்விட்சை ஒரு தரம் அணைத்துப் போட்டாலும் போதும், அது வித்வானுக்குக் கௌரவக் குறைவு.) அன்று அதை மறந்துவிட்டார். அடுத்து அச்சான மானேஜரின் கடிதம் தாளின் இடது மூலையில் பதுங்கிக் கிடந்தது.

"என்னய்யா இது, எறும்பு ஊர்ந்தாப்போல?"

"முக்கால் தாள் மிச்சம் சார்!"

மத்தியானம் கேன்டீனில், மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாங்கள் நால்வர் நெருங்கி அமர்ந்திருக்க, கையில் டிபன் பாத்திரத்துடன் வந்து நின்று எங்களை ஏற இறங்க அளந்தவர், "கொஞ்சம் ஒடுங்குங்க சார், ஒரு காலம் பாக்கி இருக்கு" என்றார்.