பத்துக் குற்றமும் ஒரு பதிவரும்

மதுரைப் பதிவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். டவுன்ஹால் ரோட்டில் ஜிகர்தண்டாவை வாங்கிக் குடிக்காமல், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். ஐஸ்கிரீம் உருகிப் பாலாடையோடு கலக்கும்வரை படம் எடுப்பார். பிறகு ‘ஜில்லென்று இருந்தது’ என்று எழுதுவார். எதைப் பற்றி எழுதினாலும் முதல் வரி ‘தூங்கா நகரமாம் மதுரையிலே’ என்றுதான் தொடங்கும். ஊர் தூங்குவதில்லை என்று அவர் எழுத எழுத, படிக்கிறவர்களுக்குக் கண் சொக்குகிறது. நல்ல பதிவராவதற்கான யோசனைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்: தலைப்பு சின்னதாக இருக்க வேண்டும், படம் பெரிதாக இருக்க வேண்டும், நாள் தவறாமல் எழுத வேண்டும். மூன்றையும் கடைப்பிடிக்கிறார். அப்படியும் எழுத்து தேறவில்லை என்றால், நோய் ஓரிடம், மருந்து தடவுவது வேறிடம் என்றுதான் கொள்ள வேண்டும்.

பிழைப் பட்டியல் நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைச் சொல்லி வைத்திருக்கிறார். போனைப் பார்க்காமலேயே நம்மவரைப் பார்த்திருப்பாரோ என்று தோன்றும். ஒரே முதல் வரியைத் தினமும் போடுவது கூறியது கூறல். ஆயிரங்கால் மண்டபத்தின் ஆயிரம் தூணும் அதிசயம் என்று முதல் பத்தியில் வியந்துவிட்டு, மூன்றாம் பத்தியில் தூண்கள் 985 என்று தகவல் தருவது மாறுகொளக் கூறல். நடுப் பத்தியில் 15 தூண் என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கறிதோசையில் ஆரம்பித்து, தோசைக்கல், திருமலை நாயக்கர், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்து மகாலைப் பழுதுபார்க்க வைத்த நேப்பியர் என்று ஊர் சுற்றுவது மற்றொன்று விரித்தல். இத்தனைக்குப் பிறகும் கடை எந்தத் தெருவில் இருக்கிறது, தோசை என்ன விலை என்று சொல்லாதது குன்றக் கூறல். ‘வைகை – பாகம் 1’ என்று வருசநாட்டு மலையில் முழங்கிக்கொண்டு புறப்படும் தொடர், பாகம் 3-இல் ஆரப்பாளையம் வருவதற்குள் வற்றிவிடும். இது சென்று தேய்ந்து இறுதல். வைகைக்கே அந்தப் பழக்கம் உண்டு என்பதால் இதில் அவரை ரொம்பவும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பத்தையும் தனித்தனியே திருத்தப் புறப்பட்டால் ஆயுள் போதாது. கூர்ந்து பார்த்தால் அநேகமாக எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: எழுதுகிற பொருளை அவர் போய்ப் பார்ப்பதில்லை, அதைப் பற்றி இன்னொருவர் எழுதியதைப் பார்க்கிறார். அந்த இன்னொருவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். கீழடியை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 2023 முதல் அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. நம்மவருக்கு அது பற்றவில்லை. ஐயாயிரம் ஆண்டு என்பார். அவரைப் பார்த்து எழுதுகிறவர் பத்தாயிரம் என்பார். பகிரப் பகிர ஊருக்கு வயது ஏறிக்கொண்டே போகும். மிகைபடக் கூறல் என்பது ஊர்ப்பற்று மிகுந்ததால் வருவதல்ல, தகவல் குறைந்ததால் வருவது. நேரில் போனவருக்குப் பானை ஓட்டில் கீறிய ‘ஆதன்’ என்ற ஒரு பெயரே ஒரு பதிவுக்குப் போதுமானது. சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

‘வேலை முடிந்து வந்து ஆசைக்கு எழுதுகிறவரிடம் போய் நன்னூலை நீட்டலாமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, சம்பளமில்லாத வேலைதான். ஆனால் ஓலையில் எழுதியவருக்கு ஓலையைப் பதப்படுத்தி எழுத்தாணியால் கீறுகிற உழைப்பே பாதி சொல்லைக் குறைத்துவிடும். போனில் விரல் வலிப்பதில்லை, ஆகவே பவணந்தி இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறார். ‘தினமும் எழுதாவிட்டால் மறந்துவிடுவார்களே?’ என்றால், காலை வணக்கப் பதிவை அன்று சாயங்காலமே மறந்துவிடுகிறார்கள். எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், என்றைக்கு விடுமுறை என்று எழுதிய பதிவைத்தான் தேடி எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். ‘இருநூறு லைக் விழுகிறதே?’ என்பது கடைசி வாதம். இதற்கு மதுரையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பது பேரும் உரை சொன்னபோது, மெய்யுரை எது என்று தேரக் கேட்டிருந்தவன் உருத்திரசன்மன் என்ற ஊமைப்பிள்ளை. மருதனிளநாகனார் சொன்னபோது அங்கங்கே கண்ணீர் விட்டான். நக்கீரர் சொன்னபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்தான். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அவன் இடத்தில் நம் கமெண்ட் கூட்டம் உட்கார்ந்திருந்தால் நாற்பத்தொன்பது உரைக்கும் ‘செமண்ணே!’ விழுந்திருக்கும், நக்கீரர் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

எனவே பதிவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: வாரம் ஓர் இடம், வாரம் ஒரு பதிவு. முதல் வாரம் மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலைக்குப் போகலாம். 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த அந்தத் தமிழிக் கல்வெட்டுகள் தமிழின் மிகப் பழைய பதிவுகளில் சேர்ந்தவை. நெடுஞ்செழியன் பெயர் அங்கே இருக்கிறது; எந்தத் துறவிக்கு யார் செய்து கொடுத்த கற்படுக்கை என்ற செய்தி இருக்கிறது; அதோடு முடிந்துவிடுகிறது. தூங்கா நகரம் என்ற பேச்சே இல்லை. மீதி ஆறு நாள் பதிவு வரவில்லையே என்று மதுரை ஏங்கிவிடாது. ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக எழுதப்பட்டு வருகிற ஊர், அவர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவரை பொறுத்துக்கொள்ளும்.