அண்ணியைக் காணோம்!

கே: சொந்தக் குடும்பத்தையே கிண்டலடித்துப் புத்தகம் போட்டால், வீட்டில் சோறு கிடைக்குமா?

ப: ஜெரால்டு டர்ரெல்லுக்குக் கிடைத்ததே! 1925-இல் நம்ம ஜாம்ஷெட்பூரில் பிறந்த ஆங்கிலேயர். கிரேக்கத் தீவான கோர்ஃபுவில் அம்மா, இரண்டு அண்ணன்கள், அக்காவோடு அடித்த கூத்தை 1956-இல் புத்தகமாக்கினார். சிகரெட் பற்றவைக்க மூத்த அண்ணன் லாரன்ஸ் தீப்பெட்டியைத் திறந்தால், உள்ளே குஞ்சுகளைச் சுமந்தபடி தேள்! உபயம், தம்பி. நிஜத்தில் லாரன்ஸ் அங்கே பெரும்பாலும் மனைவியோடு தனிக்குடித்தனம். தம்பியோ அண்ணியை அடியோடு கத்தரித்துவிட்டு, அண்ணனை மட்டும் அம்மா வீட்டில் குடியேற்றிவிட்டார். (மருமகள் இல்லாத கூட்டுக்குடும்பம். பல மாமியார்களின் கனவு!) தேளைப் பிடித்துவந்த அதே தம்பி, 1959-இல் ஜெர்சி தீவில் ஒரு மிருகக்காட்சி சாலையும் திறந்தார். அது இன்றும் நடக்கிறது.