தள்ளுவோம் வாரீர்

மைசூரு மார்கழிக் காலையில் ஒரே சாவியில் உறுமிக் கிளம்பும் பிக்கப் வண்டியால் ஊருக்கு என்ன நன்மை? என் வண்டியைப் பாருங்கள். ஐந்தரைக்கு இருமத் தொடங்கினால் தெருவே எழுந்துவிடும். ஆறு பேர் தள்ளுகிறோம். சாமுண்டி மலையின் ஆயிரம் படி ஏறும் சிரமம் மிச்சம்.

வைத்தியம் ஆளுக்கொன்று. பேட்டரி என்றார் பால்காரர், மாற்றினேன். டீசல் ஃபில்டர் என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார், மாற்றினேன். செல்ஃப் மோட்டார் என்றார் ஜோசியர், அதையும் மாற்றினேன். கண்திருஷ்டி என்றார் மாமியார். தேவராஜ மார்க்கெட்டில் எலுமிச்சை வாங்கிக் கட்டினேன். செலவில் அதுதான் குறைவு. பலனில் மற்றவற்றுக்குச் சமம்.

ஒரு மெக்கானிக் மட்டும் எதையும் மாற்றாமல் சோதித்துப் பார்த்தார். என்ன பழக்கமோ! டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாதாம். அழுத்திய காற்றின் சூட்டில்தான் எரிபொருள் பற்றுமாம். குளிர்ந்த எஞ்சின் அந்தச் சூட்டைத் தின்றுவிடுவதால் ஹீட்டர் பிளக் முன்கூட்டியே கதகதப்பாக்க வேண்டுமாம். டெஸ்ட் லாம்பை வைத்தார். பிளக்குக்குக் கரண்டே வரவில்லை.

வயரைப் பிடித்துக்கொண்டே போனார். தசரா ஆயுத பூஜையன்று, டேஷ்போர்டு அம்மனுக்குச் சீரியல் விளக்கு போட நான் கழற்றி இழுத்த வயர்.

அம்மனுக்கு மட்டும் இந்த மார்கழியில் குளிரவேயில்லை.