சாமிக்கு வேர்க்காது, மருமவனே

மருமவனே, கடை போர்டுல ‘ஸ்டூடியோ’ன்னு இருந்ததை அழிச்சிட்டு ‘டிஜிட்டல் ஆர்ட்’னு எழுதிட்டியாமே. நல்லா இரு. போர்டு எழுதுன கையோட ரேட்டையும் ஏத்திருப்ப, அதுல உன்னை யாரும் மிஞ்ச முடியாது. ஆனாலும் ரெண்டு வார்த்தை சொல்லுதேன், கேட்டுக்கோ. கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். உன் கடை பெஞ்சுல உக்காந்து ஓசி டீ குடிக்கிற மனுசன் வேற என்னத்தைத் தரப்போறேன்?

முதல்ல அந்தக் கல்யாண ஆல்பம். விரிச்சுப் பாத்துட்டு, பொண்ணு எந்த ஊருன்னு கேட்டேன். “உங்களுக்குப் பேத்தி முறைதான் மாமா”ன்னு பல்லைக் காட்டுன. எனக்கு எப்படிலே தெரியும்? அவ தாடையில ஒரு தழும்பு உண்டு, சின்னதுல அம்மிக்கல்லுல விழுந்தது. அதைத் துடைச்சிட்ட. மூக்கு அவ அப்பத்தா மூக்கு. மூணு தலைமுறையா வந்த மூக்கை லிக்விஃபைங்கிற ஒரு பொத்தானை வச்சு நசுக்கிட்ட. நாளைக்குப் பிள்ளை பொறந்து மூக்கு அப்பத்தா சாடையில வந்துச்சுன்னு வையி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்த மூக்கு யாரோடதுன்னு ஆல்பத்தைப் புரட்டுவாங்க. அன்னைக்கு நான் உன் கடைப் பக்கம் வரமாட்டேன், சாமி.

இந்த ஃபோட்டோஷாப்பை உண்டாக்குனது நோல்னு அமெரிக்காக்கார அண்ணன் தம்பி. அடோபி கம்பெனி 1990ல விக்க ஆரம்பிச்சது. அதுக்கு முன்னால கம்பெனி கம்பெனியா வித்தை காட்ட தம்பிக்காரன் ஜான் ஒரு படத்தைக் கொண்டு போவாராம். தான் கட்டிக்கப்போற பொண்ணு போரா போரா தீவுக் கடற்கரையில உக்காந்திருக்கிற படம். அதுல முகம் தெரியாது, முதுகுதான். வெவரமான மாப்பிள்ளை. வீட்டுக்கு வரப்போறவ முகத்துல கை வைக்கலை பாத்தியா.

நீ செய்யுத வேலைக்கு ஃப்ரீக்வன்ஸி செப்பரேஷன்னு பேரு சொன்ன. படத்தை ரெண்டு லேயராப் பிரிக்க. அடியில உள்ளதைக் காஸியன் பிளர் போட்டு மங்கலாக்கி நிறத்தையும் நிழலையும் மட்டும் வச்சுக்கிடுத. மேல் லேயர்ல ரோமம், தோல் துளை, சுருக்கம்னு பொடிசு மட்டும் நிக்கும். கண்ணுக்கு அடியில கருவளையம் இருந்தா கீழ சரி பண்ணலாம், பரு இருந்தா மேல எடுக்கலாம். ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்காது. கண்டுபிடிச்சவன் கெட்டிக்காரன்தான். நீ அவனுக்கும் மேல கெட்டிக்காரன். மேல் லேயரையே மூடிட்டு அடி லேயரை மட்டும் பிரிண்ட் போட்டுட்ட. அரை மணி நேரம் மிச்சம்.

நம்ம கோவில்பட்டியிலதான் கொண்டையராஜு இருந்தாரு. நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதிக்கிட்டு வந்தவரு இங்கேயே தங்கிட்டாரு. சீடப்பிள்ளைகளோட அவர் எழுதுன சாமி படத்தைச் சிவகாசிக்காரங்க காலண்டராப் போட்டு வீட்டுக்கு வீடு மாட்ட வச்சாங்க. 1976ல போய்ச் சேந்தாரு. அவர் எழுதுன லெச்சுமி முகத்தையும் முருகன் முகத்தையும் பாரு, மழமழன்னு இருக்கும், ஒரு துளை கிடையாது. சாமிக்கு வேர்க்காது, துளை எதுக்கு? கரிசக்காட்டு வெயில்ல பருத்தி எடுத்துட்டு வந்து, ரேசன் கார்டுக்கு ஒரு படம் எடுப்பான்னு நிக்கிற பெரியம்மைக்கு வேர்க்கும்லா? அவளையும் சாமியாக்கி அனுப்பிட்ட. கடையில ரேகை வைக்கப் போனா, இது யார் படம்னு கேக்கான். பாவம், அவளுக்கும் பதில் தெரியலை.

எங்க காலத்துல டச்சப் இல்லாமலா இருந்துச்சு? நான் எடுபிடியா நின்ன ஸ்டூடியோவுல முதலாளி நெகட்டிவ்வைச் சாய்வு மேசையில மாட்டி, கீழ கண்ணாடி வச்சு வெளிச்சத்தை மேல அடிக்க விடுவாரு. பென்சிலை உப்புத்தாள்ல தேச்சு முனையை ஊசியாக்கித் தர்றது என் வேலை. நெகட்டிவ் வழுக்கும், பென்சில் பிடிக்கணும்னு அதுல ஒரு மருந்தைத் தடவுவாரு. முகத்துல கருப்பா விழுத சுருக்கம் நெகட்டிவ்ல வெளுப்பாத் தெரியும். அந்த வெளுப்புல பொட்டுப் பொட்டாப் பென்சில் வச்சா பிரிண்ட்ல சுருக்கம் மங்கும். மங்கும், மறையாது. மறையணும்னா ஒரு முகத்துக்கு ஒரு பகல் போயிரும். அம்புட்டுப் பொறுமை அவருக்கும் கிடையாது, நீ வாங்குத காசும் அவருக்குக் கிடையாது. அந்தச் சோம்பேறித்தனத்துலதான் அந்தக் காலத்து ஆளுக படத்துல அவங்கவங்க முகத்தோட தப்பிச்சாங்க.

பிரிண்ட் போடும்போது என்லார்ஜர் வெளிச்சத்துல, கம்பியில ஒட்டுன அட்டை வட்டத்தை ஆட்டிக்கிட்டே இருப்பாரு. அது மறைச்ச இடம் வெளுக்கும். கையைக் குவிச்சு நடுவுல ஓட்டை விட்டு ஒரு இடத்துக்கு மட்டும் வெளிச்சம் கூட்டுனா, அங்க கருக்கும். உன் கம்ப்யூட்டர்ல டாட்ஜ், பர்ன்னு ரெண்டு பொம்மை இருக்கே, குச்சி வச்ச வட்டம் ஒண்ணு, குவிச்ச கை ஒண்ணு, அது ரெண்டும் அந்த டார்க் ரூம் சாமான்தான். அதை மட்டும் வச்சு ஒரு முகம் செஞ்சு பாரேன். கன்னத்து எலும்புல துளி வெளுப்பு, தாடைக்கு அடியில துளி கருப்பு. ஐம்பது சதவீதச் சாம்பல் நிறத்துல தனி லேயர் போட்டு, சாஃப்ட் லைட்ல வச்சுச் செய்யி. பிடிக்கலைன்னா அந்த லேயரை மட்டும் தூக்கிப் போட்டுரலாம். கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. சொல்லிக் கொடுத்ததே நீதான். செய்யத்தான் உனக்கு மறந்துபோச்சு.

இப்ப ஸ்மட்ஜ் பெயின்டிங் ஒண்ணு ஆரம்பிச்சிருக்க. ராத்திரி முழுக்க உக்காந்து முடியை இழை இழையா இழுத்து, அந்த பஸ் கண்டக்டர் படத்தை ஆயில் பெயின்டிங் ஆக்குன. வேலை சுத்தம், மறுக்கமாட்டேன். மீசை ஓரத்துல ரெண்டு மூணு நரையைத் தனியாப் பிரிச்சு விட்டிருந்த பாரு, அதைப் பாத்ததும் உனக்கு ஒரு வடை வாங்கித் தரலாமான்னுகூடத் தோணிச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம்ல? பின்னால சாயங்காலச் சூரியனை ஒட்டிட்ட. மூக்கு நிழல் வலது கன்னத்துல விழுது, சூரியனும் வலது பக்கமே இறங்குது. கண்ணுக்குள்ள குடை லைட்டோட வெள்ளை வேற. அந்த ஊர்ல சூரியன் ரெண்டு, மழைக்கு ஒரு குடை. பேக்ரவுண்டைத் திருப்பிப் போட ஃப்ளிப்னு ஒரு பொத்தான் இருக்காமே, அதுக்குத் தனியாக் காசு கேக்கானா?

வடையும் அப்பவே கேன்சல்.

புகைமூட்டம் போடுதியே, ஆர்ட்டன் எஃபெக்ட். மைக்கேல் ஆர்ட்டன் கனடாக்காரரு. 1980கள்ல ஒரே காட்சியை, துல்லியமா ஒரு ஸ்லைடு, ஃபோகஸ் விலக்கி ஒரு ஸ்லைடுன்னு வெளிச்சம் கூட்டி எடுத்து, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனவரு. காட்டுக்கும் மேட்டுக்கும் அது எடுப்பா இருந்துச்சு. நீ பொண்ணு மாப்பிள்ளைக்கு நூறு சதவீதம் போட்டா, அடுப்பங்கரையில விறகு ஈரம்னு நினைக்கான் பாக்கிறவன். ஒபாசிட்டின்னு ஒரு குமிழ் இருக்கு மருமவனே. அது இடது பக்கமும் நகரும். முப்பதுக்கு இறக்கு.

அடுத்து உன் கோட்டு. ஊர்ல செத்தவன் எல்லாரும் உன்கிட்ட உள்ள அந்த ஒரே நீலக் கோட்டைத்தான் போட்டுட்டுப் போறான். சட்டையே தோள்ல துண்டா மட்டும் கிடந்த மனுசன் தலையை வாக்காளர் அட்டையில இருந்து வெட்டி, கோட்டுக்கு மேல வச்சு, சிவப்பு டை கட்டி விட்டுட்ட. எதிர் வீட்டுலயும் அதே கோட்டு, அதே டை, தலை மட்டும் வேற. துஷ்டி கேக்க வந்தவன் கம்பெனி ஆளுகளோன்னு நினைக்கான். இது உன் ஒருத்தன் வேலைன்னும் சொல்ல முடியாது. ஆப்ரகாம் லிங்கன் தலையை ஜான் கால்கூன்னு ஒருத்தர் உடம்புல ஒட்டி அமெரிக்காவுலயே படம் போட்டு வித்திருக்கான். கால்கூன் யாரு? அடிமைமுறை நல்லதுன்னு வாதாடுனவரு. அடிமையை விடுதலை செஞ்சவரு தலை அந்தக் கழுத்துல. உன் கோட்டு அம்புட்டுத் தூரத்துக்குப் பாவம் செய்யலை.

பிரான்சுல 2017ல இருந்து, விளம்பரத்துல மாடல் இடுப்பை ஒல்லியாக்குனாலோ பெருசாக்குனாலோ, திருத்துன படம்னு எழுதணும். நார்வேயிலயும் 2022 ஜூலையில அப்படி ஒரு சட்டம் வந்துருச்சு. நம்மூர் காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு அந்தச் சட்டம் வந்தா, திருத்துனதை எழுதவே போர்டு பத்தாது. தாய்மாமன் பேரை எங்க போடுவ? அதுக்கு அடிதடி ஆயிரும்.

சரி, வந்ததே ஒரு சோலியாத்தான். என்னையும் ஒரு படம் எடுத்து வையி. எப்ப தேவைப்படும்னு யாருக்குத் தெரியும், அப்ப அவசரத்துல நீ கோட்டைத் தூக்கிருவ. துண்டோடயே எடு. மூக்குல மரு இருக்கட்டும், நெத்திச் சுருக்கத்துல ஒண்ணையும் தொடாத, ஒரிஜினலைத் தனியா சேவ் பண்ணி வையி. மீசையை மட்டும் லேசா… ரொம்ப வேண்டாம், அந்தக் குமிழை ஒரு நாப்பதுல வையி. உங்க அத்தை கேட்டா நிழல்ல நின்னு எடுத்தது, அதான் கருப்பா விழுந்திருக்குன்னு சொல்லு. காசையும் அவகிட்டயே வாங்கிக்கோ.