எதை மங்க விடலாம்?

கேள்வி: சில படக்கலைஞர்கள் நல்ல பிலிமை உப்புத்தண்ணீரில் ஊறவைத்துப் பழுதாக்குகிறார்களே, ஏன்? (தம்பலகாமம்)

பதில்: என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாமல் இருக்கத்தான்! பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் படலம் உப்புத்தண்ணீரில் ஊறினால் ஊதும், சுருங்கும், நிறம் கலங்கும். எந்த முகத்தில் எந்தக் கறை என்பதை உப்புத்தான் முடிவுசெய்யும். ஒரு வேண்டுகோள்: அலசி, நன்றாகக் காயவைத்து, ஸ்டூடியோவில் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கழுவுகிற மருந்து கெட்டு, அடுத்தவர் வீட்டுக் கலியாணப் படமும் போய்விடும்.

கேள்வி: பிலிம் வாங்கக் காசில்லை. நான் என்ன செய்ய? (கிண்ணியா)

பதில்: குசினியில் மஞ்சள் இருக்கிறதா? வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை பட்டால் அம்மா வெயிலில் காயப்போடுவார்; பின்னேரத்துக்குள் கறை வெளிறிவிடும். அதே வேலைதான். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து வடித்துத் தடித்த தாளில் பூசுங்கள். நிழலில் காய்ந்ததும் ஒரு வேப்பங்கொத்தை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் விடுங்கள். இலைக்குக் கீழே மஞ்சள் நிற்கும், சுற்றிவர வெளுக்கும். 1842இல் ஜோன் ஹெர்ஷல் பூச்சாற்றில் செய்து காட்டியதும் இதுதான்.

கேள்வி: அந்தப் படம் நிலைக்குமா?

பதில்: நிலைக்காது. வெள்ளிப் படத்தை நிறுத்த ஹைப்போ உண்டு, அதன் குணத்தைக் கண்டவரும் ஹெர்ஷல்தான். பூச்சாற்றுக்கு அப்படி ஒன்று அவருக்கும் கிடைக்கவில்லை. வெளிச்சத்தில் காட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செலவாகும். ஆகவே யாருக்குக் காட்டுவது என்று யோசிப்பீர்கள். எனக்குப் பிடித்ததே அந்த யோசனைதான்.

கேள்வி: இலங்கையில் இப்படிச் சோதனை செய்தவர் உண்டா? (கந்தளாய்)

பதில்: லயனல் வென்ட். பாதி கழுவிய படத்தில் வெளிச்சம் பாய்ச்சுவார், பல நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்குவார். 1944இல் அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: இடம்பெயர்ந்தபோது எங்கள் ஆல்பம் போயிற்று. இந்தச் சோதனைக்காரர்கள் படங்களை அழித்து விளையாடுவது நோகிறது. (மூதூர்)

பதில்: நோகத்தான் செய்யும். யுத்தமும் 2004 டிசம்பர் 26இன் சுனாமியும் கொண்டுபோன படங்களை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, பறிகொடுத்தீர்கள். தான் எடுத்ததைத் தானே மனமொப்பி மங்க விடலாம். அப்பம்மாவின் ஒற்றைப் படத்தில் சோதனை செய்ய எவருக்கும் உரிமையில்லை.

கேள்வி: மார்கழி வெள்ளத்தில் பழைய படங்கள் நனைந்து ஒட்டிவிட்டன! (தம்பலகாமம்)

பதில்: ஒட்டியபடியே காயவிடாதீர்கள், இழுத்துப் பிரிக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், மெல்லக் கழலும். முகத்தில் விரல் படாமல், படப்பக்கம் மேலே இருக்க, நிழலில் காயவையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.