சிற்றூர்ச் சங்கப் பொருளாளரின் பட்டுவாடா மரபு: ஓர் ஆய்வு

சிற்றூர்ச் சங்கங்களில் செயற்குழு ஒப்புதல் தந்த பிறகே பொருளாளர் பணம் கொடுக்க வேண்டும் என்பது துணைவிதி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். அவருள் அறுவர் கூட்டத்துக்கு வராதவர் எனக் கொண்டால் ஆய்வு எளிதாகும்.

ஒப்புதல் மூவகைப்படும்: முன்னொப்புதல், உடனொப்புதல், பின்னொப்புதல்.

முன்னொப்புதல் துணைவிதிகளில் காணப்படும்.

உடனொப்புதல் கைபேசி வழியது. பந்தல்காரர் வாசலில் நிற்க, "குடுத்துடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தலைவர் மொழிவது. வாட்ஸ்அப்பில் வரும் கும்பிடு கை சம்மதம் என்பர் ஒரு சாரார் (டீக்கடை மரபு, முதற் பெஞ்சு). 'ஆளை விடுங்கள்' என்பதே பொருள் என மறுப்பர் மற்றொரு சாரார் (மேற்படி, இரண்டாம் பெஞ்சு, வடை வருமுன்).

விரிவுக்குரியது பின்னொப்புதலே. மினிட் புத்தகத்தில் கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவே பொருளாளர் நான்கு வரி வெற்றிடம் விடுவார். பணம் போன மறு மாதம் அவ்விடத்தில் தீர்மானம் 5அ தோன்றும். ஐந்து நீல மை. 5அ ஜெல் பேனா. முதல் இரு வரிகள் தாராளமாக ஓடும். மூன்றாவதில் எழுத்து எறும்பாகும். 'ஒருமனதாக' என்பது ஓரக்கோட்டைத் தாண்டி மேல்நோக்கி ஏறும். வழிமொழிந்தவர் அன்று திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தார் என்பது தீர்மானத்தின் செல்லுபடியைப் பாதிக்காது (மேற்படி, மழைநாள் பதிப்பு, வடை தீர்ந்தபின் நுழைந்த இடைச்செருகல்கள் நீங்கலாக). வெற்றிடம் விடாத கத்துக்குட்டிப் பொருளாளர், புத்தகத்தைப் பையனிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்புவார். உறுப்பினர்கள் ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து, படிக்காமல் கையெழுத்திடுவர். முடிவை எழுதிவிட்டுத் தரவு தேடிப் புறப்படும் முனைவர்கள்மேல் பொருளாளர்களுக்குத் தொழில்முறைப் பாசம் உண்டு.

காசோலைக்கு இருவர் கையெழுத்து வேண்டும். செயலாளர் ஊரில் தங்காதவராகையால் புத்தகம் முழுதும் முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தந்திருப்பார். 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. தேதி போடாத காசோலைக்கு வயது ஏறுவதில்லை என்பதால், இம்மரபினர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ரசீது பற்றிச் சிறிது. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஒப்புதலைவிட அரிதாகக் கிடைப்பது ஸ்டாம்பு. எனவே பந்தல் போட்டதற்கு 4,900, பிரித்ததற்கு 4,900 என இரண்டாகப் பிறப்பதே ரசீதின் இயல்பு.

ஆண்டிறுதியில் வரும் தணிக்கையாளர் 5அ-வின்மேல் பச்சை மையில் டிக் அடித்துவிட்டு, தம் கட்டணத்துக்குத் தீர்மானம் எங்கே என்று கேட்பார். அதற்கும் ஒரு வரி மிச்சம் இருக்கும்.